மண்ணூத்தின் ஒன்பது அடுப்புகள்

மண்ணூத்தில் இருந்தது பதினெட்டுக் குடும்பம். எரிந்தது ஒன்பது அடுப்பு. சாப்பாட்டுக்கு வழியில்லாமல் அப்படி ஆகவில்லை. மிட்டாக்காரர்களின் கண்ணில் மண்ணைத் தூவ ஊருக்குத் தெரிந்த ஒரே தந்திரம் அதுதான்.

சித்தேரிக்கு மேலே, மலையின் மடிப்புக்குள் இருந்த ஊர் அது. சாமையும் கேழ்வரகும் விளைந்த நிலம் அவர்களுடைய பாட்டன் பூட்டன் கல் பொறுக்கித் திருத்தியது. ஆனாலும் மலை முழுவதும் தனக்கே சொந்தம் என்று கீழ்நாட்டில் மிட்டாதார் என்ற ஒரு சின்ன ஜமீன்தார் பட்டா வைத்திருந்தார். மலையில் உழுது தின்கிறவர்கள் வருஷத்தில் நாற்பது நாள், அடுப்புக்கு ஓர் ஆள் வீதம், கூலி இல்லாமல் அவருக்கு வேலை செய்ய வேண்டும். வெட்டி என்று அதற்குப் பெயர். மறுத்தால் அடுத்த ஆடியில் நிலத்தில் ஏர் இறங்காது.

முன்பெல்லாம் அந்த வேலை பாதை வெட்டுவதும் மூங்கில் சுமப்பதுமாகப் போய்க்கொண்டிருந்தது. யுத்தம் வந்தது, பெட்ரோல் காணாமல் போனது, கரிக்கு மவுசு வந்துவிட்டது. சேலத்திலிருந்து தருமபுரிக்குப் போகிற பஸ் முதுகில் ஒரு பீப்பாயைக் கட்டிக்கொண்டு, அதில் கரியைப் போட்டு எரித்து ஓடியது. தொப்பூர் மேட்டில் அதுவும் முடியாமல் நின்றுவிடும். டிக்கெட் வாங்கியவர்கள் இறங்கித் தள்ளுவார்கள். அந்த பஸ்ஸுக்குத் தீனி போடத்தான் மண்ணூத்து ஆண்கள் நாற்பது நாளும் கரி மூட்டத்தில் கிடந்தார்கள்.

மூட்டம் என்றால், வெட்டிய மரத்தை அடுக்கி, மேலே மண்ணை அப்பி, உள்ளே நெருப்பு வைத்து நாள்கணக்கில் புகைய விடுவது. மேல்மண் எங்காவது வெடித்தால் உடனே அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கரி சாம்பலாகிவிடும். அடைக்கிறவன் அந்தப் புகைக்குள் நின்றுதான் அடைக்க வேண்டும்.

ஆளை எண்ணாமல் அடுப்பை எண்ணுவானேன் என்று கேட்கலாம். மண்ணூத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியாள் கண் பட்ட அடுப்பு தீட்டு. அதை இடித்துவிட்டுப் புது அடுப்புப் போட வேண்டும். எந்தக் காலத்திலோ மிட்டாவின் மணியக்காரர் ஒருவர் வீடு வீடாக நுழைந்து எண்ணப் போக, ஊர் மொத்தமும் அடுப்புக் கல்லைப் பிடுங்கித் தலையில் வைத்துக்கொண்டு கல்வராயன் மலைப் பக்கம் நடையைக் கட்டிவிட்டது. இரண்டு வருஷம் மண்ணூத்து தரிசாகக் கிடந்த பிறகு மிட்டாதாரே ஆள் அனுப்பிக் கெஞ்சிக் கூட்டிவந்தார். அன்றிலிருந்து எண்ணுவதெல்லாம் ஊருக்கு வெளியே, மேட்டுப் பாறையில் நின்றுதான். மாசி முதல் திங்கட்கிழமை விடியலில் மணியக்காரர் பாறைமேல் நிற்பார். எத்தனை கூரையில் புகை எழுகிறதோ அத்தனை ஆள். அந்த அடுப்பில் சாப்பிடுகிற ஆண்பிள்ளை யார் வந்தாலும் சரி. பொழுது ஒரு பனை உயரம் ஏறிவிட்டால் எண்ணிக்கை முடிந்தது.

அதனால் இரண்டு குடும்பத்துக்கு ஓர் அடுப்பு என்று ஊர் கட்டுப்பாடு செய்துகொண்டது. மிட்டாவின் ஆட்கள் எப்போதும் மலையில் திரிந்தார்கள் என்பதால் கட்டுப்பாடு வருஷம் முழுவதும் நடந்தது. ஒரு மாசிக்கு ஒரு வீட்டுக்காரன் போவான். அடுத்த மாசிக்கு மற்ற வீட்டுக்காரன். ஒரு வருஷம் புகை தின்ற நெஞ்சுக்கு மறு வருஷம் ஓய்வு.

ராமக்காளின் குடும்பம் முனியாயி அடுப்பில் சாப்பிட்டது. முனியாயி, ராமக்காளின் புருஷன் மாதேஸுக்கு அண்ணன் பெண்டாட்டி. இரண்டு வீடும் ஒரே வாசலைப் பார்த்து இருந்தன. அடுப்பு முனியாயி வீட்டில். களி கிண்டுவது முனியாயி, விறகும் தண்ணீரும் ராமக்கா. எட்டு வருஷமாக அப்படித்தான். அவர்களுக்குள் பெரிய சண்டையும் வந்ததில்லை, பெரிய ஒட்டுதலும் இருந்ததில்லை. ஓரகத்திகள் என்றால் அவ்வளவுதானே.

போன மாசியில் முறை மாதேஸுக்கு. முப்பதாம் நாள் ஒரு மூட்டம் அவன் எதிரிலேயே வெடித்துத் திறந்துகொண்டது. நெருப்பு படவில்லை, புகைதான் முகத்தில் அடித்தது. அன்று பிடித்த இருமல் இன்னும் விடவில்லை. சில நாள் எச்சிலில் ரத்தம் வந்தது. மருந்து அரைத்துக் கொடுக்கும் தீர்த்தம்மாள் அவன் முதுகில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இன்னொரு மூட்டத்துக்கு இந்த நெஞ்சு ஆவாது புள்ள" என்று சொல்லியிருந்தாள். இந்த மாசிக்கு முறை அண்ணன் மல்லையனுக்கு. அடுப்பு ஒன்றாக இருக்கும்வரை மாதேஸ் வீட்டில் இருக்கலாம். இரண்டாகிவிட்டால் அவனும் போக வேண்டும். ராமக்காளுக்கு உலகத்தில் இருந்த பயம் அந்த ஒன்றுதான்.

அந்த வருஷம் புது மணியக்காரர் வந்தார். வெங்கடாசலம் என்று பெயர். பழையவரைப் போல அதட்டுகிற ஆள் இல்லை. ஊர் எல்லையிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். பெண்களைப் பார்த்தால் ஒதுங்கி நின்று வழிவிடுவார். அதைப் பார்த்ததுமே ஊர் உஷாராகியிருக்க வேண்டும். எங்கே? நல்ல மனுஷன் என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

எண்ணிக்கைக்குப் பத்து நாள் இருக்கையில், காலையில் ஊற்றுக்குப் போன ராமக்கா அவரை வழியில் பார்த்தாள். புங்க மரத்தடியில் ஒரு கல்மேல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன ராமக்கா, ஒரே அடுப்புல ரெண்டு குடும்பம் சவுரியமா நடக்குதா?" என்றார்.

ராமக்கா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "நாங்க ஒண்ணாத்தான் இருக்கறமுங்க. ஒரே குடும்பமுங்க."

"எங்கிட்ட எதுக்கு மறைக்கற? பதினெட்டையும் எழுதியாச்சு. உங்க ஊர்லயே ஒருத்தரு வந்து எல்லாத்தையும் சொல்லிட்டாங்க."

"ஆருங்க அது?"

"பேரு சொன்னா நல்லாருக்காது. நீயே ரோசிச்சுப் பாரு. உனக்கு எப்பவும் அடிப்பிடிச்ச களிதான் விழுவுதாமே. அது வெளியாளுக்கு எப்பிடித் தெரியும்?"

குடம் ராமக்காளின் இடுப்பிலிருந்து நழுவப் பார்த்தது. அடிப்பிடித்த களி. எட்டு வருஷமாக அவள் மனசுக்குள் மட்டும் சொல்லிக்கொண்ட பேச்சு அது. மாதேஸிடம்கூடச் சொன்னதில்லை. அது தெரிந்தவர் இரண்டே பேர்தான். தின்கிறவள் ஒருத்தி, போடுகிறவள் ஒருத்தி.

வெங்கடாசலம் குரலைத் தணித்துக்கொண்டார். "நடந்தது நடந்துபோச்சு. எண்ணற அன்னைக்கு அவங்கவங்க வூட்டுல அடுப்பு மூட்டி நேர்மையாக் காட்டறவங்களுக்கு மூட்டத்து வேலை கெடையாது. அடிவாரத்துல நெழல்ல உக்காந்து சாக்குத் தெக்கற வேலை. ஒளிச்சு வெக்கறவங்க ரெண்டு குடும்பத்து ஆளும் மூட்டத்து வாயிலதான் நிக்கணும். உன் வூட்டுக்காரனுக்கு நெஞ்சு சரியில்லைன்னு கேள்விப்பட்டன். மனசு கேக்கல. அதான் உனக்கு மட்டும் சொல்லறன். ஆர்கிட்டயும் மூச்சு உடாத. தெரிஞ்சா எல்லாரும் சாக்குத் தெக்க வந்து நிப்பாங்க."

பிறகு மடியிலிருந்து மயில் படம் போட்ட ஒரு தீப்பெட்டியை எடுத்துக் கல்மேல் வைத்தார். யுத்த காலத்தில் தீப்பெட்டி என்பது கண்ணால் பார்க்கக் கிடைக்காத பொருள். மண்ணூத்தில் ஒரு வீட்டு அடுப்பிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கங்கு எடுத்துப் போய்த்தான் நெருப்பு மூட்டுவார்கள். "நெருப்புக்கு நீ ஒருத்தர் வாசல்ல போய் நிக்க வேண்டாம் பாரு" என்றார். அவர் எழுந்து போன பிறகு ராமக்கா அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

சந்தேகம் என்று ஒன்று உள்ளே வந்துவிட்டால் அதற்குச் சாட்சி தேடிக் கொடுப்பது நாமேதான். ராமக்கா அன்று சாயங்காலத்துக்குள் மூன்று சாட்சி பிடித்துவிட்டாள். முனியாயி ஊற்றுக்குத் தனியாகப் போய் வெகுநேரம் கழித்துத் திரும்பினாள். முகம் சரியாக இல்லை. பக்கத்து வீட்டுச் செல்லியோடு பேசிக்கொண்டிருந்தவள் ராமக்காளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினாள். மூன்றாவதுதான் பெரிய சாட்சி. ராமக்கா விறகோடு உள்ளே நுழைந்தபோது முனியாயி கூரை எரவாணத்தில் எதையோ அவசரமாகச் செருகினாள்.

"என்னக்கா அது?"

"ஒண்ணுமில்ல. ஊசி."

ஊசி செருக இரண்டு கை எதற்கு?

களி போடும்போது ராமக்கா கண்கொட்டாமல் பார்த்தாள். முனியாயி துடுப்பால் மேல்களியை உருட்டி முதலில் மல்லையனுக்கு வைத்தாள். பிறகு மாதேஸுக்கு, பிறகு பிள்ளைகளுக்கு. கடைசி உருண்டை ராமக்காளுக்கு வந்தது. ஓரத்தில் கருப்பு. அதற்குப் பிறகு சட்டியைச் சுரண்டி முனியாயி தனக்குப் போட்டுக்கொண்டது என்ன நிறம் என்று ராமக்கா பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்தாகிவிட்டதே.

ஏன் சொல்லியிருப்பாள் என்று இரண்டு நாள் யோசித்தாள். காரணமும் தானாகவே கிடைத்தது. இந்த மாசிக்கு முறை மல்லையனுக்கு. தன் புருஷன் புகைக்குள் நிற்கும்போது கொழுந்தன் வீட்டில் கால் நீட்டிப் படுத்திருப்பதை எந்தப் பெண்டாட்டி பொறுப்பாள்? போனால் இரண்டு பேரும் போகட்டும் என்று நினைத்திருப்பாள். போன வருஷம் மாதேஸ் போனபோது தானும் அப்படித்தான் நினைத்தது ராமக்காளுக்கு நினைவு வந்தது. நினைத்ததோடு நிறுத்திக்கொண்டோமே, சொல்லப் போகவில்லையே என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள்.

எண்ணிக்கைக்கு எட்டு நாள் முன்னால் குழம்பில் உப்பு கூடிவிட்டது. அதுதான் சாக்கு.

"எங்க வூட்டு ஆளுக்கு இருமலுன்னு தெரிஞ்சுதானே உப்ப அள்ளிப் போடறீங்க" என்றாள் ராமக்கா.

முனியாயி நிமிர்ந்து பார்த்தாள். "என்ன புள்ள பேசற?"

"பேசல. இனிமே நான் ஒண்ணும் பேசல. எம் பங்குக் கேழ்வரகக் குடுத்துருங்க. நான் தனியாவே ஆக்கிக்கறேன்."

வழக்கமாக முனியாயி ஒன்று சொன்னால் நாலு சொல்லுகிறவள். அன்று ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்க் கேழ்வரகை அளந்து கொண்டுவந்து வாசலில் வைத்தாள். குற்றமுள்ள நெஞ்சு, அதுதான் வாய் எழவில்லை என்று ராமக்கா முடிவு கட்டினாள்.

மேல்மூச்சு வாங்க மாதேஸ் கேட்டான். "எண்ணற நாள் கிட்ட வந்துருச்சு. இப்பப் போயி அடுப்பப் பிரிக்கறயே, புத்தி கெட்டுப்போச்சா?"

"உங்களக் காப்பாத்தத்தான் செய்யறேன். கம்முனு இருங்க."

"அண்ணி அப்பிடிப்பட்டவங்க இல்ல."

"உங்களுக்கு என்ன தெரியும்? மேல்களி தின்னவரு நீங்க."

மூன்று கல்லை வைத்து அடுப்புப் போட்டாள். தீக்குச்சி உரசியதும் பற்றிக்கொண்டது. தன் அடுப்பு, தன் களி. முதல் நாள் களி கட்டி தட்டிப்போனது. இரண்டாம் நாள் அடிப்பிடித்தது. மாதேஸ் மிச்சம் வைக்காமல் தின்றான். அவள்தான் பாதியை மூடி வைத்தாள்.

அந்த எட்டு நாளில் இன்னொன்றும் அவள் கவனித்தாள். காலையில் கங்கு கேட்டு யாரும் யார் வாசலுக்கும் போகவில்லை. செல்லி வழக்கமாகக் கங்கு அள்ள ஓட்டுத்துண்டை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக வருவாள், அவளையும் காணோம். ஊற்றுக்குப் பெண்கள் கூட்டமாகப் போவதும் நின்றுவிட்டது. ஒருத்தி வருகிறாள் என்றால் இன்னொருத்தி கொஞ்சம் பொறுத்துப் போனாள். முனியாயி தன்னைப் பற்றி ஊர் முழுக்கப் பற்றவைத்துவிட்டாள் என்றுதான் ராமக்கா நினைத்தாள். வேறு எதையும் நினைக்க மனசில் இடம் இல்லை.

மாசி முதல் திங்கள் விடிந்தது. பனி அதிகம். ராமக்கா அடுப்பை மூட்டி, புகை நன்றாக எழட்டும் என்று பச்சைக் குச்சி இரண்டைச் செருகினாள். களியைக் கிண்டி இறக்கினாள். பிறகு மணியக்காரர் பார்த்தாரா என்று தெரிந்துகொள்ள வீட்டுக்குப் பின்னாலிருந்த சாமைக் களத்து மேட்டில் ஏறினாள். அங்கிருந்து ஊரின் எல்லாக் கூரையும் தெரியும்.

பாறைமேல் வெங்கடாசலம் நின்றிருந்தார். பக்கத்தில் தமுக்கு அடிப்பவன். ராமக்கா ஊரைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்பதோடு தன்னுடையது ஒன்று, பத்து இருக்கும் என்று நினைத்துத்தான் பார்த்தாள்.

செல்லி கூரையில் புகை. செல்லியோடு ஒரே அடுப்பில் சாப்பிட்டவர்களுக்குத் தனியாகப் புகை. மேலே குப்புராஜ் வீட்டில் ஒன்று, அவன் தம்பி வீட்டில் ஒன்று. கிழக்கே தர்மன் வீட்டில், அதை அடுத்து மாதம்மாள் வீட்டில். வேய்ந்ததிலிருந்து புகையே பார்க்காத கூரைகளெல்லாம் புகைந்தன. விரல் விட்டு எண்ணினாள். பதினேழு. திரும்ப எண்ணினாள். பதினேழுதான்.

பதினெட்டில் ஒன்று குறைந்தது. எது என்று பார்த்தாள். முனியாயியின் கூரை. வருஷக்கணக்காக ஒரு நாள் தவறாமல் புகைந்த கூரை அது. ஒரு கீற்றுப் புகைகூட இல்லாமல் பனியில் நனைந்து கிடந்தது.

ராமக்கா இறங்கி நேராக அந்த வீட்டுக்குப் போனாள். எட்டு நாளாக மிதிக்காத வாசல். உள்ளே அடுப்பு சாம்பல் வழித்துச் சுத்தமாக இருந்தது. முனியாயி அதற்கு முன்னால் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் மூலையில் நேற்றைய பழங்களியைப் பிட்டுத் தண்ணீரில் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தன. மல்லையன் கோடாலிக்குப் பிடி இறுக்கிக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, அடுப்பு மூட்டலயா?"

"மூட்டல."

"ஏன்?"

முனியாயி அவளைப் பார்க்காமலே பேசினாள். "நீ மூட்டிட்டயில்ல? ரெண்டு குடும்பத்துக்கு ஒரு அடுப்புத்தானே ஊர்க் கட்டுப்பாடு. உன்னோடது எரிஞ்சா என்னோடது எரியக் கூடாது. ரெண்டும் எரிஞ்சா மாதேஸு போவணும். அவன் போனா திரும்பி வர மாட்டான்."

ராமக்காளுக்கு வெட்கமாகிவிட்டது. வெட்கம் என்றால் சாதாரண வெட்கம் இல்லை. தரை பிளந்து உள்ளே வாங்கிக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. ஆனாலும் பாருங்கள், அந்த நேரத்திலும் சந்தேகம் அவளை விடவில்லை. எரவாணத்தைப் பார்த்தாள்.

"அன்னைக்கு அங்க என்னக்கா வெச்சீங்க?"

முனியாயி எழுந்து எரவாணத்தில் கைவிட்டு எடுத்து அவள் கையில் வைத்தாள். மயில் படம் போட்ட தீப்பெட்டி. மேலே ஒட்டிய காகிதம்கூடக் கிழியவில்லை.

"நீதான் எங்களக் காட்டிக் குடுத்தயின்னு அந்தாளு சொன்னான்" என்றாள் முனியாயி. "எனக்கு அடிப்பிடிச்ச களிதான் மிஞ்சுதுன்னு நீ சிரிச்சயாம்."

"அடிப்பிடிச்ச களியா? உங்களுக்கா?"

"பின்ன? சட்டியச் சொரண்டித் திங்கறவ நாந்தானே."

ராமக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தன் பெட்டியை எடுத்துக் காட்டினாள். அதே மயில். "எங்கிட்டயும் அதே களியத்தாங்க்கா சொன்னான்" என்றாள்.

இரண்டு பேரும் அந்த இரண்டு மயிலையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஓர் அடுப்பில் இரண்டு பெண்கள் ஆக்கித் தின்றால் இருவருக்குமே தனக்குத்தான் கருகினது வருகிறது என்று தோன்றும். இதைக் கண்டுபிடிக்க மணியக்காரருக்கு உளவாளி தேவையில்லை. அவர் வீட்டிலும் இரண்டு மருமகள்கள் இருந்திருப்பார்கள். காட்டிக்கொடுத்தவர் என்று ஊரில் ஒருவருமே இல்லை. பதினெட்டுக் குடும்பம் என்பது அவர் கூரையை எண்ணிப் போட்ட ஊகம். மற்றதையெல்லாம் இவர்களே செய்து கொடுத்துவிட்டார்கள்.

ராமக்கா ஓடிப்போய்த் தன் களிச் சட்டியைத் தூக்கிவந்து மல்லையன் முன்னால் வைத்தாள். "மாமா, இதத் தின்னுட்டுப் போங்க. எரிஞ்ச அடுப்பு என்னோடது. இதுல தின்ன ஆளுதான் நிக்க முடியும். நீங்க திங்கலன்னா அவரத்தான் கேப்பாங்க."

மல்லையன் பெண்டாட்டியைப் பார்த்தான். முனியாயி சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "கட்டி தட்டிக் கெடக்குது" என்றாள். பிறகு, "தின்னுங்க" என்றாள். மல்லையன் இரண்டு உருண்டையை விழுங்கிவிட்டுக் கோடாலியை எடுத்துக்கொண்டான். அதற்குள் பாறையில் தமுக்குச் சத்தம் கேட்டது.

ஊர் எல்லையில் எல்லாரும் கூடினார்கள். வெங்கடாசலம் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாகத்தான் நின்றிருந்தார். தமுக்குக்காரன் கூவினான். பதினேழு அடுப்பு, பதினேழு ஆள், எல்லாரும் மூட்டத்துக்கு.

செல்லி முன்னால் வந்தாள். "ஏனுங்க, எங்க வூட்டுக்காரருக்குச் சாக்குத் தெக்கற வேலைன்னு சொன்னீங்களே."

"எங்க வூட்டுக்கும் அதத்தான் சொன்னாரு" என்றாள் மாதம்மாள் பின்னாலிருந்து. செல்லி திரும்பி அவளைப் பார்த்தாள். குப்புராஜின் பெண்டாட்டியும் அவன் தம்பி பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எட்டு நாளாக முகம் கொடுத்துப் பேசாத பெண்கள் அத்தனை பேரும் அந்த இடத்தில் ஒரே நேரத்தில் விளங்கிக்கொண்டார்கள். யாரும் அழவில்லை. அழுவதற்குக்கூடக் கூசியது.

"சாக்கெல்லாம் தெச்சு முடிஞ்சுபோச்சும்மா" என்றார் வெங்கடாசலம், வருத்தப்படுகிற முகத்தோடு. பிறகு மல்லையனைக் கண்டு புருவத்தைச் சுருக்கினார். "இவன் வூட்டுல புகை இல்லையே. மாதேஸ் வூட்டுலதானே புகை வந்துச்சு. அவன் எங்க?"

"ரெண்டு பேருக்கும் ஒரே அடுப்புங்க" என்றார் ஊர்க்கவுண்டர் தர்மன். அவர் வீட்டு அடுப்பும் அன்று இரண்டாகப் பிரிந்திருந்தது. அவரால் தலையை நிமிர்த்த முடியவில்லை. "அந்த அடுப்புல தின்னவன் ஒருத்தன் வந்தாப் போதும். அதுதான் பழைய பேச்சு."

"வாயில இன்னும் களி இருக்குதுங்க. வேணும்னா பாருங்க" என்றான் மல்லையன்.

முனியாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்த் தன் தீப்பெட்டியை அவர் காலடியில் வைத்தாள். "இது செலவாவலீங்க. எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள். வெங்கடாசலம் அதைத் தொடவில்லை. பதினேழு ஆண்களும் வரிசையாக மலையிறங்கிப் போனார்கள். போன வருஷம் போய் வந்து இன்னும் இருமிக்கொண்டிருந்தவர்கள் அதில் எட்டுப் பேர்.

திரும்பி நடக்கும்போது ராமக்கா நாலடி பின்னாலேயே வந்தாள். வாசல் வரும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, அவன் சொன்னத நீங்க நம்பவே இல்லயா?"

"ஏன் நம்பல? நல்லா நம்புனேன். நீ சொல்லக்கூடிய ஆளுதான்" என்றாள் முனியாயி. "உன்ன நம்பாம இருக்கறது எனக்கு எட்டு வருசத்துப் பழக்கம். அதுக்காவ அவன நம்பிருவனா?"

பிறகு வாசலில் கிடந்த ஓட்டுத்துண்டை எடுத்து ராமக்காளிடம் நீட்டினாள்.

"போ. உன் அடுப்புல கங்கு இருந்தா கொண்டா. என்னோடது அணைஞ்சு கெடக்குது."